நிற்காமல் பேசியவளுக்கு ஐந்தரை

1. மார்க் வந்த அன்று

ஜெனிஷாவின் மார்க் வந்த நேரத்தில் நான் ‘தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி’ என்ற வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிறுவனம் தக்கலையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. அந்தப் பேக்கரியில் டீக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்கும் தன்னம்பிக்கை எனக்கு இன்றுவரை வந்ததில்லை. ஆனாலும் அந்த வகுப்புக்கு நான்தான் சார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள், தங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்ட ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுப்பது நம் தொழில். பரீட்சையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள், அதையும் ஆங்கிலத்தில் போடுவார்கள். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு மாட்யூல். ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க் விழும். அதை பேண்ட் என்போம்.

ஜெனிஷா வகுப்பின் வாசலில் வந்து நின்று போனை நீட்டினாள். கேட்பதில் எட்டு. வாசிப்பதில் எட்டரை. எழுதுவதில் ஏழரை. பேசுவதில் ஐந்தரை.

“பேசறதுல அஞ்சரையா? ஒனக்கா?”

“எனக்குத்தான் சார். பேரு சரியாத்தான் போட்டிருக்கான்.”

நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்த பெண். எல்.கே.ஜி. முதல் கடைசி செமஸ்டர் வரை ஆங்கிலத்தில் படித்தவள். குடிநீரில் இருக்கும் கிருமிகளைப் பற்றி மேலே ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் அவளைத் தன் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எடுப்பதற்கு முன் வீடியோவில் அவளோடு வெகுநேரம் பேசினார். அவர் கேள்வி கேட்க, இவள் பதில் சொல்ல, இடையில் அவர் சிரிக்க, கடைசியில் “எப்போது வருகிறாய்?” என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார். இதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆனால் அவர் கேட்டது கணக்கில் வராது. கல்லூரி அலுவலகம் அனுப்பிய ஆஃபர் லெட்டரில் நிபந்தனை உண்டு: எந்த மாட்யூலிலும் ஆறரைக்குக் குறையக் கூடாது, அந்த மாதக் கடைசிக்குள் மார்க் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பேராசிரியரே எழுதிக் கேட்டும், தாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பணிவாகப் பதில் போட்டார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் அந்தப் பணிவுக்கு மட்டும் ஒன்பது கொடுக்கலாம்.

2. விலக்கு பெற்ற நாடுகள்

எந்தெந்த நாட்டில் பிறந்தால் இந்தப் பரீட்சை வேண்டாம் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த நாடுகளில் பிறந்தவன் வாயே திறக்க வேண்டாம். பிறந்ததே போதும். நம் ஆட்கள் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் தேறி, ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாலும் பரீட்சை எழுதியே ஆக வேண்டும். இது போதாது என்று எழுதி வாங்கிய மார்க் இரண்டே வருடத்தில் காலாவதி ஆகிவிடும். மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கினால்கூட அதற்கு மேல் தாங்கும். இரண்டு வருடத்தில் ஒருவனுக்கு ஆங்கிலம் ஆவியாகிவிடும் என்று கண்டுபிடித்த விஞ்ஞானி யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவருடைய தாய்மொழியை அவர் என்னிடம் நிரூபிப்பதை நான் கைகட்டிப் பார்க்க வேண்டும்.

நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் டைரக்டர் ஜெபசிங் உள்ளே வந்தார். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து நிறுவனம் ஆரம்பித்தவர். இந்தப் பரீட்சையை ஒரு தடவையும் எழுதியதில்லை. அதனால்தான் அவருக்கு இதில் பயம் கிடையாது.

“சாரே, என்னத்துக்குக் கெடந்து சாடுகிய? காலேஜ்ல எம்.ஓ.ஐ. சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பச் சொல்லுங்க.”

படித்தது ஆங்கில வழியில்தான் என்று நம் கல்லூரி கொடுக்கும் சான்றிதழ் அது. சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

“அனுப்பியாச்சு. எடுக்க மாட்டாங்களாம்.”

“அப்பம் ரீமார்க்?”

“திரும்ப மார்க் போட்டு வந்து சேர மாசக் கடைசி தாண்டும்.”

“பின்ன என்ன, பேசறத மட்டும் இன்னொருக்க எழுதட்டு. சீட்டு போனா பிள்ளைக்கும் கேடு, நமக்கும் கேடு. பிளெக்ஸ்ல போடதுக்கு அவ போட்டோவ எடுத்து வச்சிருக்கேன்.”

பேசும் பகுதியை மட்டும் மறுபடி எடுக்க வழி உண்டு. தேதியும் இருந்தது. ஆனால் எங்கே தவறியது என்று தெரியாமல் மறுபடி என்னத்தை எடுப்பது? மார்க் தாளில் காரணம் எழுத மாட்டார்கள். ஐந்தரை என்று மட்டும் இருக்கும். ரேஷன் கடையில்கூட அரிசி ஏன் இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்வார்கள்.

3. குளத்தைப் பற்றிச் சொன்னது

“அங்க என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன? அதையே இப்பச் சொல்லு,” என்றேன்.

தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடத்தைப் பற்றிச் சொல் என்று அட்டை வந்திருக்கிறது. இந்தப் பகுதியில் ஒரு அட்டையைக் கொடுத்து, யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுத்து, பிறகு பேசச் சொல்வார்கள். ஜெனிஷாவுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இரணியலில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். எம்.எஸ்சி.யில் அந்தத் தண்ணீரைத்தான் சோதித்தாள். தண்ணீர் மோசம் என்று முடிவு வந்ததும் வார்டு முழுக்க அவள் மேல் கோபம். பிறகு அவர்களே பஞ்சாயத்தில் போய் நின்று குழாய் கேட்டார்கள். பேராசிரியர் விழுந்து விழுந்து கேட்டதும் இந்தக் கதையைத்தான்.

சொல்லச் சொன்னதும் ஜெனிஷா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கையைக் கட்டினாள். என் தலைக்கு மேல் சுவரில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு சொல் தட்டவில்லை. குரல் சீராக ஏறி, சீராக இறங்கி, கடைசி வாக்கியத்தில் தாழ்ந்து முடிந்தது. முடிந்ததும் அதிகாரமும் வசன எண்ணும் சொல்வாளோ என்று காத்திருந்தேன்.

இது எங்கே பழகியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு வசனப் போட்டி தெரியாமல் இருக்காது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வேதாகம வசனங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இடையில் நின்றால் மார்க் போச்சு. திக்கினால் போச்சு. நடுவரின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று சுவரைப் பார்க்கச் சொல்லிப் பழக்குவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எவர்சில்வர் கிண்ணமாக வாங்கிக் குவித்ததை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

“அங்கயும் எழுந்து நின்னியா?”

“இல்ல சார், இருந்துதான் சொன்னேன். கை மட்டும் கட்டியிருந்தேன்.”

“பரீட்சை வச்சவங்க நடுவுல ஏதாவது கேட்டாங்களா?”

“முடிஞ்ச பொறவு கேட்டாங்க. இதப் பத்தி முன்னாடி பேசியிருக்கியான்னு. ஆமா மேடம், எத்தனையோ தடவன்னு சொன்னேன்.”

“ஏன் பிள்ளே அப்படிச் சொன்ன?”

“பேசியிருக்கேனே சார்! நல்லாப் படிச்சு வந்திருக்கியாம்மான்னு எங்க வசனப் போட்டில கேப்பாவ. ஆமான்னா சந்தோசப்படுவாவ.”

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்று பட்டால் இந்தப் பரீட்சையில் அடி விழும். வாழ்ந்த கதையை, தன் சொந்த வாக்கியத்தில், தப்பில்லாமல் சொன்ன பெண் ஒப்பிக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது. காரணம் சொல்லும் வழக்கம்தான் அவர்களுக்கு இல்லையே.

அதே மாதம் எங்களிடம் படித்த ஷிபின் பேசுவதில் ஏழு வாங்கினான். அவனுக்கு வந்த அட்டை, உனக்குப் பிடித்த பழைய இடம். சிதறால் மலைக் கோயிலைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னான். சிதறாலுக்கு அவன் போனதே இல்லை. ஆனால் எங்கே ‘ம்ம்’ போட வேண்டும், எங்கே கூரையைப் பார்க்க வேண்டும், எந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்லித் திருத்த வேண்டும் என்பதெல்லாம் நான் கற்றுக்கொடுத்திருந்தேன். ஒப்பித்தவன் யோசித்துப் பேசினான். யோசித்தவள் ஒப்பித்தாள். ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறிய நான், சோற்றுக்காகப் பிள்ளைகளுக்குத் திக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இதை விசிட்டிங் கார்டில் போட முடியாது.

4. தடுமாற்ற வகுப்பு

மறுநாள் ஜெனிஷாவோடு அவளுடைய அப்பா ஞானதாஸும் வந்தார். இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் வாழைக்குலை வியாபாரம். அவர்கள் சபையில் ஞாயிறு பள்ளியின் சூப்பிரண்டும் அவர்தான். மகளுக்கு வசனம் சொல்லப் பழக்கியவரும் அவரே. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் என் பாடத்தை ஆரம்பித்தேன்.

“வாக்கியத்த முடிக்காத. பாதியில விடு. கண்ண மேல ஓட்டு. ‘லெட் மீ சீ’ன்னு ஒரு இழுப்பு இழு.”

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார்.

“சாரே, இது என்ன படிப்பாக்கும்? நாலு வயசுலேருந்து நிக்கப்பிடாது, திக்கப்பிடாதுன்னு நான் சொல்லிக்குடுத்தேன். நீங்க துட்டு வாங்கிட்டுத் திக்கப் படிப்பிக்கிய!”

“அப்பா, சும்மா இருங்க.”

“நான் சும்மாதாண்டி இருக்கேன். நல்லாப் பேசின பிள்ளைக்கு அஞ்சரை. தெத்தித் தெத்திப் பேசினா ஏழு. இது எந்த ஊரு நியாயம்? நீங்க அவனுவகிட்டக் கேக்கலியா?”

“யாருகிட்டக் கேக்கது அண்ணாச்சி? போன் பண்ணினா ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு ஒரு மிஷின் சொல்லுது.”

“அதாச்சும் திக்காமச் சொல்லுதா?”

“திக்காமத்தான் சொல்லுது.”

“அதுக்கு எத்தன மார்க்காம்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது.

ஜெனிஷாவுக்குத் திக்க வரவில்லை. குளத்துக் கதையில் நான் குறித்துக்கொடுத்த இடத்திலெல்லாம் ‘ம்ம்’ போட்டாள். சொல்லிவைத்தாற்போல அதே இடத்தில், அதே நீளத்துக்கு. இரண்டாவது தடவையும் அப்படியே. அந்த ‘ம்ம்’களையும் வசனமாக்கிவிட்டாள். ஞானதாஸின் முகத்தில் அவரை அறியாமல் ஒரு பெருமை வந்து போனதை நான் பார்த்தேன்.

சலித்துப்போய், “சரி, குளத்த விடு. சிதறால் மலையப் பத்திச் சொல்லு,” என்றேன்.

“நான் போனதில்ல சார்.”

“போன மாதிரிச் சொல்லு.”

ஆரம்பித்தாள். மலை... உயரம்... இல்லை, ரொம்ப உயரமில்லை... படி இருந்தது... படியா, பாறையா... யாரோடு போனேன் என்றால்... சித்தியோடு. கண் தானாகக் கூரைக்குப் போனது. கட்டியிருந்த கை அவிழ்ந்து காற்றில் எதையோ தேடியது. சொல்லைத் தப்பாக எடுத்து, கீழே வைத்து, வேறு எடுத்தாள். அசல் ஏழரை.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. இவளுக்கு உண்மை என்றால் நிற்காமல் வரும். பொய் சொன்னால் மட்டும்தான் திக்கும்.

“அப்பம் பொய் சொல்லணுமா?” என்று ஞானதாஸ் மெதுவாகக் கேட்டார்.

“சொன்னது நடந்துதான்னு அவங்க பாக்க மாட்டாங்க அண்ணாச்சி. சொன்ன விதத்துக்குத்தான் மார்க். அது விதிலயே இருக்கு.”

“நான் ஒங்க விதியக் கேக்கல. ஞாயித்துக்கெழம நான் அங்க நின்னு பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லுவேன்?”

ஜெனிஷா பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

“சீட்டு வேணும்பா. அந்தத் தண்ணியப் பத்திப் படிக்கத்தான் நான் போறேன். வாங்க போவோம்.”

5. இல்லாத மாமா

திருவனந்தபுரத்தில் மறுபடி பேசிவிட்டு வந்தாள். மார்க் வந்த அன்றைக்கு மாடிக்கு வந்தாள். எங்களிடம் தேறிய பிள்ளைகள் லட்டு டப்பாவோடு வருவது வழக்கம். இவள் வெறுங்கையோடு வந்தாள். ஜெபசிங் முந்திக்கொண்டார்.

“ஏட்டி, எத்தன?”

“ஏழரை சார்.”

“கொள்ளாம்! பிளெக்ஸ் அடிச்சிர வேண்டியதுதான்!”

“வேண்டாம் சார். எம் படத்தப் போடாதீங்க.”

அவர் விழித்தார். நான் அவளைப் பக்கத்து வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முகம் சிவந்திருந்தது. அழுகை என்று நினைத்தேன். கோபம்.

“என்ன அட்டை வந்துச்சு?”

“ஒனக்கு ஒரு தெறமையச் சொல்லிக்குடுத்த ஆளப் பத்திச் சொல்லுன்னு வந்துச்சு சார்.”

“யாரச் சொன்ன?”

“குளச்சல்ல ஒரு மாமான்னு சொன்னேன். அவரு எனக்குக் கடல்ல வள்ளம் தொழையப் படிப்பிச்சாருன்னு. அப்படி ஒரு மாமா எனக்குக் கெடையாது. வள்ளத்துல நான் கால் வச்சதுமில்ல. அந்தாளு பேரு என்ன, மீசை உண்டா, ஒண்ணும் தெரியாம நின்னு நின்னு யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன். பரீட்சை வச்ச அம்மா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாங்க.”

மீசையைத் தேடிய இடத்தில்தான் ஷிபினைவிட அரை பேண்ட் கூடுதலாக விழுந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை.

“எனக்க அப்பாவச் சொல்லியிருக்கணும் சார். பேசப் படிப்பிச்சதே அவருதான். அட்டையப் பாத்த ஒடனே அவருதான் வந்தாரு. அவரச் சொன்னா நிக்காம வந்திரும்னு பயந்து, இல்லாத ஒருத்தனச் சொல்லிட்டு வந்திருக்கேன். இதுக்கு ஏழரை.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை விமானம் ஏற்றியிருக்கிறேன். தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். ஜெயித்தவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது அன்றுதான். “அப்பாட்ட சொன்னியா?” என்று மட்டும் கேட்டேன். சொன்னாளாம். அவர் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாராம்.

6. ஸ்தோத்திரக் காணிக்கை

அவர்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் ஞாயிறு ஆராதனையில் காணிக்கை வைப்பார்கள். இன்னார் குடும்பம், இன்ன காரியத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். மகளுக்கு மார்க் வந்து இடமும் உறுதியான பிறகு, சூப்பிரண்டு வைக்காமல் இருக்க முடியாது. வைத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் அப்பாவும் மகளும் இதற்காக முட்டிக்கொண்டிருக்கிறார்கள். “பொய் சொன்னதுக்கு ஸ்தோத்திரமாப்பா?” என்று இவள் கேட்க, அவர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

“சாரே, ஞாயித்துக்கெழம நீங்களும் வரணும்.”

“நான் உங்க சபை இல்லியே அண்ணாச்சி.”

“நீங்க எந்தச் சபைன்னு நான் கேட்டனா? வந்து இருங்க.”

போனேன். கடைசிப் பெஞ்சில், ஒரு வயதான மனிதருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஜெனிஷா முன்னால் பெண்கள் பக்கம் இருந்தாள். ஞானதாஸ் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு ஓரமாக நின்றார். போதகர் வரிசையாக வாசித்தார். ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததற்காக. ஒருவருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக. பிறகு ஒரு கணம் தாளை உற்றுப் பார்த்தார்.

“ஞானதாஸ் குடும்பத்தார், தங்கள் மகள் சொன்னதை ஒரு மனிதர் முழுவதும் கேட்டு, நம்பினதற்காக.”

கோயிலுக்குள் ஒரு சலசலப்பு. ஜெனிஷா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உங்களிடம் வரும் பிள்ளை எங்கே, யார் முன்னால் பேசிப் பழகியது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மேடையா, கோயிலா, கடையா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன்பிறகு பரீட்சைக்கு என்ன வேஷம் வேண்டுமோ போட்டுவிடுங்கள். ஆனால் அதை வேஷம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். மார்க் குறைந்தால் குற்றம் தன் வாயில்தான் என்று ஒரு பிள்ளையும் நம்பிப் போய்விடக் கூடாது. ஜெனிஷாவுக்கு அந்த ஐந்தரையைக் கொடுத்தவர்கள் இன்றுவரை அதற்கு ஒரு வரி விளக்கம் எழுதவில்லை.

பக்கத்திலிருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்தார்.

“என்ன காரியமாக்கும்? ஒண்ணும் வெளங்கலியே.”

“வெளிநாட்டுல காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. அங்க உள்ள புரொபசர் பிள்ள பேசினதக் கேட்டுத்தான் எடுத்தாராம். அதுக்காக்கும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுல என்ன விசேசம்? பேசினதக் கேக்காம பின்ன எப்பிடி எடுப்பாவ?”

அப்படிக் கேட்காததில்தான் என் பிழைப்பே ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.